எட்டுச் சக்கரங்களின் மேல் ஒரு தாய்மாமன்

மே 4, ஞாயிறு

இங்கே நான் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. என் தங்கை நம்பமாட்டாள். நாளைக் காலை பல் தேய்க்கும்போது கண்ணாடியில் தெரிகிற ஆள்கூட நம்பமாட்டான். ஆனாலும் என்ன? எரிந்துபோன மோட்டாருக்குச் சுற்றிச் சுற்றிக் காயில் கட்டும் செம்புக் கம்பியின் மேல் ஆணையாக, கோயம்புத்தூர் மாநகரில் மோட்டார் ரீவைண்டிங் துறையின் முடிசூடா மன்னன் கனகவேலாகிய நான், நடந்ததை நடந்தபடியும், தேவைப்பட்ட இடத்தில் கொஞ்சம் கூடுதலாகவும் எழுதுவதாக இன்று உறுதி கூறுகிறேன்.

இன்று கத்திரி வெயில் தொடக்கம். மாப்பிள்ளையும் இன்றுதான் வந்து இறங்கினார். மாப்பிள்ளை என்றால் என் தங்கை பூங்கொடியின் வீட்டுக்காரர் அருணகிரி. மஸ்கட்டில், கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் ஆலையில் பம்ப் பார்க்கிறார். கடைசியாக அவர் ஊருக்கு வந்தபோது இளையவள் தளிர் தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது அவளுக்கு நான்கு வயது. மூத்தவன் அகரனுக்கு ஏழு. இத்தனை நாளும் கீழ் வீட்டில் அவர்கள் மூவர், மாடியில் நான். பள்ளிக்குக் கொண்டுவிடுவது, ஊசி போடக் கூட்டிப்போவது, ரோட்டைக் கடக்க வைப்பது எல்லாம் என் ராஜ்ஜியம்.

விமான நிலையத்தில் அவரை வரவேற்க லட்சம் பேர் திரண்டிருந்தார்கள். (அதில் நாங்கள் நான்கு பேர். மற்றவர்கள் வேறு யாரையோ அழைக்க வந்தவர்கள்.) மாப்பிள்ளை குனிந்து இரண்டு கைகளையும் விரித்தார். தளிர் என் காலுக்குப் பின்னால் போய்விட்டாள். அகரன் முன்னால் வந்து, "வணக்கங்" என்றான்.

இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் தளிர் வழக்கம்போல அம்மாவின் போனை எடுத்து வந்து சாம்பார் போசியில் சாய்த்து வைத்தாள். இந்த வீட்டில் அப்பா சாப்பிட உட்காரும் இடம் அதுதான்.

"அப்பாவக் கூப்புடுங்மா."

"அப்பா உனக்கு எதிர்லதான கண்ணு உக்காந்திருக்காங்க," என்றாள் பூங்கொடி.

தளிர் எதிரே பார்த்தாள். போனைப் பார்த்தாள். மறுபடி எதிரே பார்த்தாள். "இந்த அப்பா இல்லீங்மா. நம்ம அப்பா."

மாப்பிள்ளை தண்ணீர் குடித்தார். சொம்பு காலியான பிறகும் குடித்தார். சாம்பாரில் காரம் அதிகம் போலிருக்கிறது.

மே 6, செவ்வாய்

கடையில் இரண்டு மோட்டார். ஒன்று எரிந்தது, மற்றொன்று எரியப்போவது.

மதியம் சாப்பிட வந்தபோது பூங்கொடி சமையலறையில் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்ண்ணா, அவரு இந்த மாசக் கடேசிக்குள்ள பதில் சொல்லியாகோணும்."

"எதுக்கு?"

"அங்க இன்னும் மூணு வருசத்துக்குக் கையெழுத்துக் கேக்கறாங்க. இங்கயும் ஒரு பம்ப் கம்பெனியில வரச் சொல்றாங்க."

"இங்கயே இருக்கச் சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லாமயா இருப்பேன்? 'புள்ளைக என்ற பக்கத்துல வந்தா இருந்துக்கறேன் பூங்கொடி. என்னையக் கண்டா கதவுக்குப் பின்னாடி போயி நிக்குதுக. இதுக்கு நான் போன்லயே இருந்துக்கறேன், அதுலயாச்சும் சிரிக்குதுக'ங்கறாரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவரைக்காய் கண்ணைக் கரிக்கும் என்பது எனக்கு இதுவரை தெரியாது.

"அதுக்குத்தானுங்ண்ணா ஸ்கேட்டிங்," என்றாள்.

நான் தாளித்த கடுகைப் போல ஒருமுறை துள்ளி அடங்கினேன். பேச்சு மஸ்கட்டிலிருந்து எந்த வழியாக ஸ்கேட்டிங்குக்கு வந்தது என்று விளங்கவில்லை.

"பார்க்குல சனிக்கெழம சாயந்தரம் குடும்பத்தோட சேர்ந்து பழகற பேட்ச் இருக்குதாம். கால்ல சக்கரத்தக் கட்டிட்டா யாரு கையையாச்சும் புடிச்சுத்தான ஆகோணும்?"

யார் கையை என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இரவு தளிர், "மாமாவும் வருவாங்கதான?" என்றாள். "தாய்மாமன் இல்லாம சக்கரமா?" என்றேன். அந்தக் காலத்தில் நான் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பொள்ளாச்சி வரை போய், இளநீர் குடித்து, அது வயிற்றில் இறங்குவதற்குள் திரும்பிவந்த வரலாற்றையும் எடுத்துச் சொன்னேன். பூங்கொடி கரண்டியைச் சற்று சத்தமாக வைத்தாள். ஏன் என்று தெரியவில்லை.

மே 10, சனி

இன்றைய போர் பற்றிய குறிப்பு.

பார்க்கின் கோடியில் வட்டமான சிமெண்ட் தளம். சுற்றிலும் இடுப்பளவுக்குக் கம்பி. சொல்லிக்கொடுப்பவர் ரெஹானா மிஸ், கல்லூரி முடித்த வயதுதான் இருக்கும். கழுத்தில் விசில். அதை அவர் ஊதினால் பாலக்காட்டில் ரயில் நிற்கும். சக்கரங்களை இந்த மாதம் முழுவதும் வீட்டிலேயே வைத்துப் பழகலாம் என்று ஆளுக்கொரு ஜோடி கொடுத்தார். ஒவ்வொரு காலுக்கும் நான்கு சக்கரம், ஆக எட்டு. என் மொபெட்டுக்கே இரண்டுதான்! எது வலது எது இடது என்று தெரியாமல் நானும் மாப்பிள்ளையும் ஒருவர் ஜோடியில் மற்றவர் ஒரு காலை விட்டு, பிறகு கழற்றி, மறுபடியும் அதே தப்பைச் செய்தோம். பூங்கொடி மட்டும் முட்டிவலி என்று சொல்லி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். காலையில் அவள் மாடிப்படியைத் தாவித் தாவி ஏறியதை நான் பார்த்தேன்.

"மொதல்ல விழறதுக்குக் கத்துக்கலாங்க," என்றார் ரெஹானா மிஸ். "முட்டிய மடக்கி, முன்னாடி குனிஞ்சு, முட்டி மேல விழோணும். பின்னாடி சாஞ்சு கைய ஊனிராதீங்க. மணிக்கட்டு போயிரும்."

"விழறதுக்குமா மிஸ் பயிற்சி? நாங்கெல்லாம் பரம்பரையா விழறவங்க."

அகரன் மட்டும் கடமைக்குச் சிரித்தான்.

"செரி, குடும்பம் குடும்பமா கையப் புடிச்சுக்கங்க!"

விசில் அடங்குவதற்குள் இரண்டு சின்னக் கைகளும் என் கைகளுக்குள் வந்து விழுந்தன. இடது கையில் தளிர், வலது கையில் அகரன். தினமும் ரோட்டைக் கடக்கிற அதே வரிசை. மாப்பிள்ளை இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றார். பிறகு அந்தக் கைகளால் ஹெல்மெட் பட்டையைச் சரிசெய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

அதன் பின் நான் மணிக்கு நூற்றெண்பது கிலோமீட்டர் வேகத்தில் சுழன்றதையும், அந்தக் காற்றில் வேப்பமரம் இலையுதிர்த்ததையும் அடக்கம் கருதி விவரிக்கவில்லை. யார் யாரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது மட்டும் ஆராய்ச்சிக்குரியது. நான் முன்னால் சாய்ந்தால் அகரன் இழுப்பான். பின்னால் சாய்ந்தால் தளிர், "மாமா, நேரா நில்லுங்" என்பாள். இந்த இரண்டு தூண்களும் இல்லையென்றால் கோபுரம் எப்போதோ தரைமட்டம்.

மாப்பிள்ளை தனியாகக் கிளம்பினார். தனியாகவே விழுந்தார். எழுந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்து எங்கள் பக்கத்தில் கையை விட்டார், விழுந்தார். தளிர் "ச்சோ" என்றாள்.

ரெஹானா மிஸ் அவள் பக்கத்தில் குனிந்து, "பாப்பா, இதுல உங்க அப்பா யாரு?" என்று கேட்டார்.

தளிர் பெஞ்சைக் காட்டினாள். "அம்மா பையில இருக்காங்க."

மிஸ் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் தரையில் உட்கார்ந்தபடி தன் சக்கரம் ஒன்றை விரலால் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பம்ப் பார்க்கிறவர். பேரிங் சத்தம் கேட்டால் சுற்றியிருப்பது காதில் விழாது என்று நினைக்கிறேன்.

மே 11, ஞாயிறு

பெயரே வைக்கப்படாத இடங்களில் எல்லாம் வலிக்கிறது.

மே 13, செவ்வாய்

விடியற்காலையில் தலைக்கு மேல் கடகடவென்று சத்தம். மொட்டைமாடியில் யாரோ கிரைண்டர் ஓட்டுகிறார்கள் என்று நினைத்து, சட்டம் பேசப் படியேறினேன்.

மாப்பிள்ளை. லுங்கி, பனியன், காலில் எட்டுச் சக்கரம், தலையில் ஹெல்மெட். துணி காயப்போடும் கொடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பூங்கொடியின் நைட்டிகளை ஒவ்வொன்றாக ஒதுக்கியபடி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர்ந்துகொண்டிருந்தார். முட்டியில் ரத்தம் காய்ந்திருந்தது.

"என்னங் மாப்ளே, காலங்காத்தால?"

"விழாம நிக்கப் பழகறேன் மச்சான்." மூச்சு வாங்கியது அவருக்கு. "விழற ஆளோட கைய எந்தக் கொழந்த வந்து புடிக்கும்? நீங்களே சொல்லுங்க."

நானும் விழுகிற ஆள்தான், என் கையைப் பிடித்துக்கொள்கிறார்களே என்று வாய் வரை வந்தது. கீழே இறங்கிவிட்டேன். ஒரு வேலை இருந்தது. என்ன வேலை என்று இப்போது நினைவில்லை.

மே 17, சனி

இரண்டாவது போர். இதில் எனக்கு இழைக்கப்பட்ட அநீதியை உலக நீதிமன்றத்துக்கே எழுதலாம்.

சக்கரத்தைக் கட்டி எழுந்து நின்றதும் பூங்கொடி கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். "ஏனுங்ண்ணா, உங்க கைய செத்த நேரம் பாக்கெட்டுக்குள்ள போட்டுக்கறீங்களா?"

"சக்கரத்து மேல நிக்கறவன் கையப் பாக்கெட்டுல போட்டா விழுந்துருவானே அம்மிணி."

"விழுந்தா விழுகுங்."

கூடப் பிறந்தவள் சொல்கிற வார்த்தையா இது? போட்டுக்கொண்டேன். தளிர் வந்தாள். கையைத் தேடினாள், காணவில்லை. என் பாக்கெட்டின் வெளிப்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். அகரன் மறுபக்கம். நான் போட்டிருந்தது எலாஸ்டிக் தளர்ந்த டிராக் பேண்ட். விசில் ஊதியது. பிள்ளைகள் நகர்ந்தார்கள். பேண்ட்டும் அவர்களோடு போகத் தொடங்கியது. மானமா, தங்கையின் சொல்லா என்று வந்தபோது நான் மானத்தைத் தேர்ந்தெடுத்தேன். பாக்கெட்டிலிருந்து கைகள் வெளியே வந்தன. வந்த வேகத்தில் இரண்டும் பிடிபட்டன.

அப்போது மாப்பிள்ளை எங்களுக்குப் பக்கத்தில் வந்தார். மொட்டைமாடிப் பயிற்சி பலித்திருந்தது. ஆடினார், ஆனால் விழவில்லை.

"அகரா, அப்பா கையப் புடிச்சுக்கறியா சாமி?"

"பரவால்லீங்," என்றான் அகரன், பக்கத்து வீட்டில் காபி குடிக்கிறாயா என்று கேட்டால் சொல்கிற அதே மரியாதையோடு.

மாப்பிள்ளை தலையசைத்தார். கொஞ்ச தூரம் போனார். பிறகுதான் விழுந்தார்.

மே 19, திங்கள்

பூங்கொடி இரண்டு நாளாகப் பேசவில்லை. இன்று தட்டு வைக்கும்போது பேசினாள்.

"உங்களக் குத்தம் சொல்லலீங்ண்ணா. நீங்க மட்டும் இல்லீன்னா இந்தப் புள்ளைக..." சோற்றைப் போட்டாள். "ஆனா புள்ளைக கையெல்லாம் உங்ககிட்டயே இருக்குது. அவரு எதப் புடிப்பாரு?"

சாம்பாரில் புளி அதிகம். சாப்பாடு இறங்கவில்லை.

வரும் சனிக்கிழமை நான் வரப்போவதில்லை என்று அறிவித்தேன். நிலாவுக்குப் போகிற ராக்கெட்டின் தண்ணீர் மோட்டார் பழுதாகி என் கடைக்கு வருகிறது, வேறு யாருக்கும் அந்தக் காயில் கட்டத் தெரியாது என்று காரணமும் சொன்னேன்.

மே 20, செவ்வாய்

ராக்கெட் விஷயம் குழந்தைகள் காதுக்குப் போய்விட்டது. தளிர் மாடிக்கு வந்து, "மாமா வரலீன்னா நானும் வரலீங்" என்றாள். அகரன் ராக்கெட்டைப் பார்க்க வேண்டும் என்கிறான். ஆக, நான் போனாலும் தப்பு, போகாவிட்டாலும் தப்பு. என்னை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

மே 22, வியாழன்

மாப்பிள்ளை பெட்டியை வெளியே எடுத்துப் பிரித்து வெயிலில் வைத்திருந்தார். பூச்சி அடையாமல் இருக்க என்றார். வந்து மூன்று வாரம்கூட ஆகாத பெட்டியில் என்ன பூச்சி? பூங்கொடி அந்தப் பக்கமே போகவில்லை.

சாயங்காலம் கடையிலிருந்து வந்து மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தேன். பாதிப் படியில் நின்றால் கீழ் வீட்டு அறைகள் இரண்டின் ஜன்னல்களும் தெரியும். ஓர் அறையில் தளிர் கட்டிலில் குப்புறப் படுத்து, அம்மாவின் போனைத் தலையணையில் சாய்த்துவைத்து, அப்பா படத்தை அழுத்தி வீடியோவில் கூப்பிட்டாள். முன் அறையில் மாப்பிள்ளையின் போன் அடித்தது. அவர் எடுத்துப் பார்த்தார். நடுவில் இருந்தது ஒரு சுவர். எனக்கு இரண்டு அறையும் தெரிந்தது. எட்டிப் பார்ப்பது பெரிய மனிதருக்கு அழகில்லை. ஆனால் செருப்பு வார் சிக்கிக்கொண்டது.

"அப்பா, சாப்புட்டீங்களா?"

"சாப்புட்டேன் தங்கம்."

"அப்பா, எங்கூட்டுக்கு இன்னொரு அப்பா வந்திருக்காங்க."

மாப்பிள்ளை முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொண்டார். "அப்படியா? அவங்க எப்புடி இருக்காங்க?"

"நொம்பப் பெருசா இருக்காங்க. உங்களாட்டவே பேசறாங்க. ஆனா விழுந்துட்டே இருக்காங்கப்பா. பாவம்."

"நீ கையப் புடிச்சுக்கலாமில்ல?"

தளிர் யோசித்தாள். "எனக்குத்தான் மாமா கை இருக்குதே. அவங்களுக்குத்தான் யாருமில்ல."

முன் அறையில் மாப்பிள்ளை போனைச் சட்டையோடு சேர்த்து அழுத்திக்கொண்டார்.

"அப்பா? அப்பா, டவர் இல்லீங்களா?"

"இருக்குது தங்கம்," என்றார் மாப்பிள்ளை. "இருக்குது."

செருப்பு வார் சரியாகிவிட்டது. ஏறி வந்துவிட்டேன். கடையில் ஏதோ தூசு. கண்ணில் விழுந்தது இன்னும் உறுத்துகிறது.

மே 24, சனி

காலையில் எல்லோருடைய சக்கரங்களையும் கழற்றி, பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்து மாட்டினேன். என் கையால் கிரீஸ் வைத்த பேரிங் மூன்று தலைமுறைக்கு முனகாது. ராக்கெட்காரர்களைத் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் போகிறேன். போய் என்ன செய்யப்போகிறேன் என்று கேட்டால் தெரியாது.

மே 25, ஞாயிறு

நேற்று நடந்தது இது.

தளத்தின் நடுவில் இருந்தோம். வழக்கமான வரிசை, இடது கையில் தளிர், வலது கையில் அகரன். ரெஹானா மிஸ் முன்னால் போய்க்கொண்டிருந்தார். மாப்பிள்ளை எங்களுக்கு நேர் எதிரே, இரண்டு முழம் தள்ளி, முட்டியை மடக்கி, ஆடாமல் நின்றார். கைகளை மட்டும் நீட்டவில்லை. நீட்டி நீட்டி அலுத்துவிட்டது போலும். தொடையோடு ஒட்டி வைத்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் மருதமலைப் பக்கமிருந்து ஆட்டுக்கிடா அளவுக்கு ஒரு பருந்து வந்தது. அதன் இறக்கையில் சூரியன் மறைந்தது. என் ஹெல்மெட்டை ஏதோ பழம் என்று நினைத்துக் கொத்த வர, நான் வாள் வீசுவதுபோலத் தலையைத் திருப்ப, அதே கணத்தில் வலது காலில் ஒரு பேரிங் பீரங்கிபோல வெடிக்க, உருண்டைகள் நாலாபுறமும் சிதற, கைகள் வழுக்க, அடியேன் மல்லாந்து விழுந்தேன். பூமி அதிர்ந்தது. ஈரோட்டில் பாத்திரங்கள் உருண்டதாகக் கேள்வி.

விழுந்த இடத்திலிருந்து பார்த்தேன். தரையிலிருந்து பார்த்தால் உலகத்தில் இருப்பதெல்லாம் சக்கரங்கள்தான். இரண்டு ஜோடிச் சின்னச் சக்கரங்கள் பிடிமானம் இல்லாமல் முன்னால் உருண்டுகொண்டிருந்தன. எதிரே ஒரு ஜோடிப் பெரிய சக்கரம்.

அகரன் காற்றில் நீச்சலடித்தான். மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. "அப்பா, புடிங்க! அப்பா!" என்று கத்திக்கொண்டே போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டான். அந்த இடியில் மாப்பிள்ளை பின்னால் சாய்ந்தார். கையைக் காற்றில் வீசினார். தளிர் அந்தக் கையில் இரண்டு விரலை எட்டிப் பிடித்துவிட்டாள்.

"பயப்படாதீங்," என்றாள் அவரிடம். "முட்டிய மடக்குங். நான் புடிச்சிருக்கேன்."

அவர் மடக்கினார். மூன்று பேரும் ஒரு மூட்டைபோல ஆடி, ஆடி, நின்றார்கள். பிறகு நகர்ந்தார்கள். கம்பி ஓரமாக ஒரு சுற்றுப் போனார்கள். மாப்பிள்ளையின் வாய் திறந்திருந்தது, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தலைகீழாகத் தெரிந்ததால் சொல்ல முடியவில்லை.

பூங்கொடி பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். என்னைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள், எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் வாயில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

என்னிடம் முதலில் வந்தவர் ரெஹானா மிஸ். "பின்னாடி சாஞ்சு கைய ஊனாதீங்கன்னு எத்தன தடவ சொன்னேன் சார்?"

இடது மணிக்கட்டு. தளிர் பிடிக்கிற கை. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். டாக்டரிடம் பேரிங் வெடித்ததைச் சொன்னேன். அகரனிடம் பருந்தைச் சொன்னேன். கடையில் காத்திருந்தவரிடம் ஒரு காளை முட்டியது என்று சொல்லிவிட்டேன். இப்போது யாரிடம் எதைச் சொன்னேன் என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது.

மே 27, செவ்வாய்

சாப்பிட உட்கார்ந்தோம். தளிர் போனை எடுத்து வந்து ரசப் போசியில் சாய்த்தாள். பூங்கொடி கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். 

தளிர் அப்பா படத்தை அழுத்தினாள். எதிரே மாப்பிள்ளையின் சட்டைப் பையில் போன் அடித்தது. அவள் அந்தச் சட்டைப் பையைப் பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். கையில் சோற்றோடு மாப்பிள்ளை அசையாமல் இருந்தார், பக்கத்தில் உட்கார்ந்த குருவியைக் கலைக்காமல் இருப்பதுபோல.

அவள் போனை எடுத்து அழைப்பை நிறுத்தினாள். கவிழ்த்து வைத்தாள்.

"அப்பா, ரசம் ஊத்தட்டுங்களா?"

"ஊத்து தங்கம்," என்றார். ரசத்தில் பாதி தட்டிலும் பாதி அவர் மடியிலும் போயிற்று. சூடாகத்தான் இருந்திருக்கும். அவர் தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் வாசலுக்குப் போய் மஸ்கட்டுக்குப் பேசினார். திரும்பி வந்து, "மச்சான், இந்தப் பெட்டிய லாஃப்ட்ல போடோணும். ஒரு கை குடுங்க" என்றார். என்னிடம் இருப்பதே ஒரு கைதான். கொடுத்தேன்.

பிறகு பூங்கொடி மாடிக்கு எனக்குப் பால் கொண்டுவந்தாள். டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"நெசமாலுமே பேரிங்தானுங்ண்ணா?"

"பின்ன? பீரங்கியாட்ட வெடிச்சுது."

"அன்னைக்குக் காலைலதான கிரீஸ் வெச்சீங்க?"

"அதிகமா வெச்சுட்டேன் அம்மிணி. கிரீஸ் அதிகமானாலும் வெடிக்கும். உனக்கு இதெல்லாம் தெரியாது."

அவள் என் மாவுக்கட்டைப் பார்த்தாள். அதில் தளிர் பேனாவால் எட்டு வட்டம் போட்டிருந்தாள், சக்கரமாம். பூங்கொடி அதில் ஒன்றை விரலால் தடவினாள். ஏதோ சொல்ல வந்து, "பால் ஆறிரும், குடிங்" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனாள்.

மே 28, புதன்

கத்திரி முடிந்தது. மேற்கே மேகம் கட்டியிருக்கிறது.

இன்று வகுப்பு இல்லை என்றாலும், சும்மா பழகலாம் என்று சாயங்காலம் எல்லோரும் பார்க்குக்குக் கிளம்பினோம். எனக்குக் கட்டுப் பிரிக்கும்வரை சக்கரம் கூடாது, பெஞ்சும் பையும்தான். பூங்கொடிக்கு முட்டிவலி குணமாகி, என் ஜோடிச் சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு அகரனோடு முன்னால் நடந்தாள். ரோட்டோரம் வந்ததும் என் இடது கை பழக்கத்தில் தானாக நீண்டது. தளிர் அந்தப் பக்கம் இல்லை. அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் கட்டைப் பார்த்தாள். என்ன செய்வது என்று ஒரு நிமிடம் யோசித்தாள்.

"மாமா, நீங்க அப்பாவோட அந்தக் கைய அக்கட்டால புடிச்சுக்கங். வண்டி வருது."

ஆகவே, மோட்டார் ரீவைண்டிங் துறையின் முடிசூடா மன்னன், தன் தங்கை வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு நான்கு வயதுக்காரியின் தலைமையில் ரோட்டைக் கடந்தான். மாப்பிள்ளையின் உள்ளங்கை கரடுமுரடாக இருந்தது. கொடிக் கயிறு அறுத்த தழும்பு. கடந்த பிறகும் இரண்டு பேருக்கும் கையை எப்போது விடுவது என்று விளங்கவில்லை.

இந்தக் குறிப்புகளைப் படிக்க நேர்கிறவர்கள் இவற்றில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்துகொள்ளலாம். நூற்றெண்பது கிலோமீட்டர் பொய். பொள்ளாச்சி இளநீர் பொய். இந்த மே மாதத்துக்கு முன் நான் ஸ்கேட்டிங் சக்கரத்தைத் தொட்டதுகூட இல்லை. ராக்கெட் பொய். சாம்பாரில் புளி சரியாகத்தான் இருந்தது. பருந்து வரவில்லை, பேரிங் எதுவும் வெடிக்கவில்லை. என் எட்டுச் சக்கரமும் இன்றும் முனகாமல் சுற்றுகின்றன.

கைகள் வழுக்கின என்று எழுதியதில் பாதி மட்டும் உண்மை. அந்த இடத்தில் என் கைகள் காலியானது நிஜம். வழுக்கவில்லை. விட்டேன்.